வீடியோவில அடையாளம் பார்க்கிற ஆக்கள், கண்டதை எழுதுங்கோ

பரந்தன்:
கடன் கணக்கு ஒண்டுக்கான வீடியோ அழைப்பு. முகம் அடையாள அட்டைப் படத்தோட பொருந்தீட்டுது, கண்ணும் சிமிட்டினது. கையை முகத்துக்குக் குறுக்கால மெதுவாக் கொண்டுபோகச் சொன்ன இடத்திலதான் பிழைச்சது: விரல்களுக்கு மேலால மூக்குத் தெரிஞ்சது. அரைச் செக்கன் இருக்கும். ஏதும் மறைச்சா டீப்ஃபேக் முகம் (கணினி செய்து ஒட்டின போலி முகம்) வழுக்கும், முழுசாப் பக்கவாட்டில திரும்பினாலும் அப்பிடித்தான்.

பிறகு அட்டையைப் பார்த்தால், 12 இலக்கத்தில முதல் நாலு (பிறந்த வருஷம்) 2001, அடுத்த மூண்டு (வருஷத்தில எத்தினையாவது நாள் எண்டது) 074, சொன்ன பிறந்தநாள் மார்ச் 15. எங்கட இலங்கை அட்டை இலக்கத்தில பெப்ரவரிக்கு எந்த வருஷமும் 29 நாள் கணக்கு. 075 வரவேணும் (பெண் எண்டால் 575). கள்ளன் 28 நாள் பெப்ரவரி உள்ள கலண்டரைப் பார்த்து எண்ணிப்போட்டான்.

மாங்குளம்:
பரந்தன் அண்ணை, கை வித்தை இனிக் கனகாலம் நிக்காது. புது மென்பொருள் விரலையும் சமாளிக்குது. அதோட ஏ9 றோட்டை விட்டு உள்ளுக்குப் போனா சிக்னல் ஒரு கோடு. படம் கட்டங்கட்டமா உடையும், போலி முகத்தின்ர தாடை ஓரத்துப் பிசிறெல்லாம் அந்தக் கட்டங்களுக்க ஒளிச்சிடும். சிக்னல் மோசம் எண்டு விட்டுக்குடுக்காமல் வேற நேரம் குறிச்சுத் திரும்ப எடுங்கோ.

பெரிய பயம் வேற. கமராவுக்கு முன்னால ஒண்டும் காட்டாமல், மெய்நிகர் கமராவால (கமரா மாதிரி நடிக்கிற மென்பொருள்) படத்தை நேரா அப்புக்குள்ள ஊட்டுறாங்கள். ஐஎஸ்ஓ 30107-3 எண்ட சர்வதேசத் தரச் சான்றைக் காட்டி விக்க வருவினம். அது கமராவுக்கு முன்னால பிடிக்கிற படத்துக்கும் முகமூடிக்கும்தான். ஊட்டுறதுக்கெண்டு ஐரோப்பாவில 2024இல தனியா சென் 18099 எண்ட தரம் வந்திருக்கு, அதைக் கேளுங்கோ. பிரவுசர் வழியை மூடுங்கோ. ரூட் பண்ணின (பாதுகாப்புப் பூட்டை உடைச்ச) போனையும் எமுலேட்டரையும் (கணினியில ஓடுற போலிப் போன்) மறியுங்கோ. திரையில சிவப்பு, பச்சை, நீலம் ஒழுங்கில்லாமல் மின்ன, அந்த நிறம் அதே நேரம் கன்னத்தில விழுதா எண்டு பாருங்கோ. வெயிலுக்க நிண்டா விழாது, ஆளை உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ.

புதுக்குடியிருப்பு:
ரெண்டுபேரும் கள்ளனையே பார்க்கிறியள். ஷெல்லில ஒரு கண் போன அம்மா ஒராளை அப் "கண்களைச் சிமிட்டுங்கள்" எண்டு மூண்டு தரம் கேட்டு, மூண்டு தரமும் தள்ளினது. ஒவ்வொரு தரமும் அவ போன் கண்ணாடியைச் சீலைத் தலைப்பால துடைச்சவ. அட்டையும் பழைய லமினேட் பண்ணினது, கறுப்பு வெள்ளைப் படம், அரைவாசி அழிஞ்சுபோச்சு. நீங்கள் இறுக்க இறுக்க முதல் விழுறது இவையள்தான். சிமிட்டலுக்குப் பதிலாத் தலை திருப்பல் வையுங்கோ. ரெண்டு தரம் தவறினா அப்பை நிப்பாட்டி, மூல அட்டையோட கிளைக்குக் கூப்பிடுங்கோ. வர ஏலாதவையிட்ட ஆள் போகவேணும்.