[கலைச்சொல்] ரீரிட்டன் பைபிள்: மறுபுனைவா, வழிநூலா?

> விவிலியச் செய்திகளைத் திரும்ப எழுதிய பழைய யூத நூல்களை ‘ரீரிட்டன் பைபிள்’ (Rewritten Bible) என்கிறார்கள்; கலைச்சொல் பட்டியலில் அதற்கு ‘மறுபுனைவு விவிலியம்’ என்று இட்டிருக்கிறோம்.

‘புனைவு’ வேண்டாம். 1961இல் ஆய்வாளர் கேசா வெர்மெஷ் இந்தத் தொடரைக் கையாண்டபோது சுட்டிய நூல்களில் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸின் ‘யூதர் தொல்வரலாறு’ம் ஒன்று. அது வரலாறு என்றே எழுதப்பட்டது. கி.பி. 93–94 வாக்கில் ரோமில் கிரேக்க மொழியில் முடித்த 20 புத்தகங்களில் முதல் பத்தும் பதினொன்றின் பெரும்பகுதியும் விவிலியச் செய்திகள்தாம். ‘கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்’ என்று முன்னுரையிலேயே வாக்குக் கொடுக்கிறார். ‘மறுகூறல்’ போதும்.

> ‘மறுகூறல்’ போதும்.

போதாது ஐயா. வாக்குக் கொடுத்தார், காப்பாற்றவில்லை. இஸ்ரயேலர் வணங்கிய பொற்கன்று அடியோடு இல்லை; யூதா–தாமார் கதையும் இல்லை. மோசே எகிப்தியனைக் கொன்றதை விட்டுவிட்டு, எத்தியோப்பியப் படையெடுப்பு ஒன்றைச் சேர்க்கிறார். பாம்புகள் மண்டிய தரைவழி. பாப்பிரஸ் கூடைகளில் பாம்பைக் கொல்லும் ஐபிஸ் பறவைகளை எடுத்துப்போய் மோசே அங்கே அவிழ்த்துவிடுகிறார். முற்றுகையிட்ட நகரின் இளவரசி தார்பிஸ் அவர்மேல் காதல் கொள்கிறாள். திருமணத்துக்கு ஈடாக நகரம் கைமாறுகிறது. எண்ணிக்கை நூல் 12:1 மோசேக்கு ஒரு கூசிய, அதாவது எத்தியோப்பிய, பெண் மனைவி என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

முதல்நூல் ஒன்றைப் பின்பற்றி எழுதுவதற்கு ‘வழிநூல்’ என்ற சொல் நம்மிடமே இருக்கிறதே? தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று தொல்காப்பியம் வகுக்கும் நான்கும் இங்கே உண்டு. ஈசாக்கின் பலியைப் பாருங்கள்: மகனுக்கு 25 வயது என்கிறார், ஆபிரகாமுக்கு நீண்ட உரை தருகிறார், ஈசாக்கு மகிழ்ந்து பலிபீடத்துக்கு விரைகிறான். கிரேக்க நாடகம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஏற்ற விரித்தல்.

> வழிநூல்

சம்மதம், ஒரு தடையோடு. வழிநூல் முதல்நூலின் முடிபோடு ஒத்துப்போக வேண்டும். மோசேயின் அக்கா மிரியாமுக்கு எண்ணிக்கை நூலில் வரும் தொழுநோயை ஜோசிபஸ் மறைப்பது விரித்தலா, தொகுத்தலா?

> மறைப்பது

நன்னூல் சொல்லும் ‘பின்னோன் வேண்டும் விகற்பம்’, பின்னால் எழுதுபவன் விரும்பும் வேறுபாடு, அதுதான். யூதர் எகிப்திலிருந்து விரட்டப்பட்ட தொழுநோயாளிகள் என்று எகிப்திய வரலாற்றாசிரியர் மனேத்தோ பெயரில் பழி உலவியது. அதற்குத் தீனி போட ஜோசிபஸ் விரும்பவில்லை. ஆனால் எல்லா மாற்றத்தையும் அவர் கணக்கில் எழுதிவிடக் கூடாது. விடுதலைப்பயணம் 4:6இல் மோசேயின் கை எபிரேயத்தில் ‘தொழுநோயுற்று, பனிபோல்’. அவருக்கு முந்திய கிரேக்க மொழிபெயர்ப்பான எழுபதின்மர் பெயர்ப்பில் ‘பனிபோல்’ மட்டும். ஜோசிபஸ் ‘சுண்ணாம்பு நிறம்’ என்கிறார். தொழுநோயை முதலில் விட்டது அவர் அல்ல. எழுபதின்மர் பாடத்தோடு ஒப்பிடாமல் ‘நீக்கினார்’ என்று குறிப்பெழுதினால் இங்கேதான் சறுக்கும்.

இன்னொன்று: ‘விவிலியம்’ என்ற முன்னொட்டு உறுத்துகிறது. இதே வகையில் வைக்கப்படும் யூபிலி நூல் எழுந்த காலத்தில், எவை மறைநூல்கள் என்ற பட்டியலே முடிவாகவில்லை. ‘மறைவழிநூல்’ என்றால் ஒளிந்து போகும் வழி என்று படிப்பார்கள். ‘திருமறை வழிநூல்’ என்று பதிவோம்; அப்படி எழுதும் செயலுக்கு ‘வழிநூலாக்கம்’. முதல்நூலிலிருந்து ஓர் ஆளையோ நிகழ்ச்சியையோ மட்டும் எடுத்துக்கொண்டு தனிப்போக்கில் போகும் நூல்களுக்குச் ‘சார்புநூல்’ இருக்கட்டும், இரண்டையும் குழப்ப வேண்டாம்.