சிறிய முகத்திற்கு எந்த சீபேப் முகக்கவசம் பொருந்தும்?

கேள்வி (ஈசூன், சிங்கப்பூர்): வணக்கம். உறக்கத்தில் மூச்சு தடைபடுவதால் என் தாயார் மூன்று வாரங்களாக, முகக்கவசம் வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் சீபேப் கருவியைப் பயன்படுத்துகிறார். அவருடைய முகம் சிறியது என்பதால், மூக்கையும் வாயையும் மூடும் கவசத்தின் சிறிய அளவுகூடச் சரியாகப் படியாமல், காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறது. வாரை இறுக்கினால் மூக்குத்தண்டு சிவந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி 1: இறுக்குவதில்தான் பலரும் தவறுகிறோம். கவசத்தின் மென்விளிம்பு காற்றால் உப்பி முகத்தில் படியவேண்டும். எனவே அவரைப் படுக்கவைத்து, கருவியை ஓடவிட்டு, வார்களை முழுவதும் தளர்த்தியபின் சிறிது சிறிதாக இழுத்துப் பாருங்கள். உட்கார்ந்தபடி பொருத்தினால், படுத்ததும் கன்னத்தசை சரிந்து பொருத்தம் மாறிவிடும். வாயை மூடி உறங்குபவராயின், நாசித்துளையில் மட்டும் பொருந்தும் வகையைப் பற்றி மருத்துவமனையின் உறக்கப் பிரிவில் கேளுங்கள். ரெஸ்மெட் நிறுவனத்தின் ஏர்ஃபிட் பி10 என்னும் அத்தகைய கவசத்தில் பெண்களுக்கென வருவதில் மிகச் சிறிய அளவும் உண்டு.

மறுமொழி 2: எனக்கும் சிறிய முகந்தான். கடைக்காரர் கண்ணால் பார்த்தே நடுத்தர அளவைக் கொடுத்துவிட்டார். முகத்தில் வைத்து அளக்கும் அளவு அட்டையைக் கொண்டு பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. மேலும், நம் ஊர்ப் புழுக்கத்தில் முகத்தில் எண்ணெய் வழிவதால் விளிம்பை நாள்தோறும் மென்மையான சோப்பு நீரில் கழுவுங்கள். தாயாருக்கு இதயமுடுக்கி (பேஸ்மேக்கர்) இருந்தால் காந்தக் கொக்கியுள்ள கவசம் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: நன்றி. இதயமுடுக்கி இல்லை. ஆனால் வாய் திறந்தே உறங்குகிறார். இன்றிரவு படுக்கவைத்தே பொருத்திப் பார்க்கிறேன்.