புதுப்பிப்பு: குளிரில் இருமிய ஆட்டுக்குட்டிகள் இப்போது எப்படி இருக்கின்றன

மார்கழித் தொடக்கத்தில் கேட்டிருந்தேன்: தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் குளிர் தாங்காமல் குட்டிகள் இருமுகின்றன, கொட்டிலைத் தார்ப்பாயால் முழுக்க மூடியும் பயனில்லை, என்ன செய்வது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முழுக்க மூடியதுதான் தவறு. காலையில் உள்ளே போனால் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். அந்த அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்து நுரையீரலைக் கெடுக்கும் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். இப்போது ஆட்டின் உயரத்துக்கு மட்டும் சாக்குப் படுதா. கூரையை ஒட்டி இரண்டடி திறப்பு. தரையில் காய்ந்த வைக்கோல் போட்டு, நனைந்ததைத் தினமும் அள்ளிவிடுகிறோம். நெடி மூன்றே நாளில் போனது. இருமல் அடங்க ஊசியும் போட்டு ஒன்பது நாள் ஆனது.

ஒரு குட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. விடியற்காலையில் பிறந்து, சில்லிட்டுக் கிடந்தது. பதற்றத்தில் உடனே பாலை வாயில் ஊற்றிவிட்டோம். அது இன்னும் மனதை அறுக்கிறது. சில்லிட்ட குட்டிக்கு விழுங்கத் தெம்பிருக்காது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் நன்றாகத் துடைத்து, சூடேற்ற வேண்டும். வாய்க்குள் விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருந்து, தலையைத் தானே தூக்கிச் சப்பத் தொடங்கிய பிறகுதான் சீம்பால். முதல் 24 மணி நேரத்துக்குள் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்காவது, பல தடவையாகப் பிரித்து. அடுத்து ஈன்ற வெள்ளாட்டுக்கு இப்படித்தான் பார்த்தோம். இரண்டு குட்டிகளும் துள்ளுகின்றன.

அப்புறம், மேய்ச்சலுக்குப் பனி உலர்ந்த பிறகே ஓட்டுகிறோம். தை பிறந்தும் குளிர் விடவில்லை. மாசி முடியும்வரை சாக்கைக் கழற்றப் போவதில்லை.