600 கடை வைத்திருந்த 'கேம்' எப்படிக் கவிழ்ந்தது?

வேளச்சேரி கன்சோல்:
எல்லோருக்கும் வணக்கம். வேளச்சேரியில் சின்னதாக ஒரு கேம் கடை நடத்துகிறேன். பிளேஸ்டேஷன் கன்சோல்களான பிஎஸ்5, பிஎஸ்4-க்கான டிஸ்க், கன்ட்ரோலர், பழைய டிஸ்க் வாங்கி விற்பது, இவ்வளவுதான். மேடவாக்கத்தில் இரண்டாவது கடைக்கு இடம் பார்த்திருக்கிறேன். பத்து மாத வாடகை அட்வான்ஸ் கேட்கிறார்கள்.

அப்பாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. "இங்கிலாந்தில் 600 கடை வைத்திருந்தவனே மூடிவிட்டான், உனக்கு எதற்கு இன்னொன்று?" என்கிறார். 2012-ல் கவிழ்ந்த 'கேம்' என்ற வீடியோ கேம் கடைக் குழுமத்தைத்தான் சொல்கிறார். மாமா பையன் அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்ததால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும்.

டவுன்லோடு வந்ததால் போய்விட்டது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்த வருஷம் கன்சோலுக்கான பெரிய கேம்களை ஜனங்கள் டிஸ்கில்தானே வாங்கினார்கள்? வேறு காரணம் ஏதாவது உண்டா? எனக்குச் சரக்கு தரும் விநியோகஸ்தர் ஒருவரும் இப்போது, பணம் வந்தால்தான் பார்சல் என்கிறார். அதனால்தான் கேட்கிறேன்.

டிஸ்க்பிரியன்:
டவுன்லோடுதான் ப்ரோ. கூடவே அமேசானும் சூப்பர் மார்க்கெட்டும். அங்கே பால் வாங்கப் போகிற கடையிலேயே புது கேமை விலை குறைத்து வைத்திருப்பான். தனிக் கடைக்கு யார் போவார்கள்?

பாரிமுனை கணக்கர்:
தம்பி, நான் பாரிமுனையில் எலக்ட்ரானிக்ஸ் மொத்த வியாபாரிகளிடம் வெகுகாலம் கணக்கு எழுதியவன். கேம் விளையாடத் தெரியாது. ஆனால் கேம் குழுமம் விழுந்த கதையைச் செய்தி வரவரத் தொடர்ந்து படித்தேன், ஏனென்றால் அது முழுக்க முழுக்கக் கடன் கணக்கு சம்பந்தப்பட்டது.

டிஸ்க்பிரியன் சொன்னதெல்லாம் உண்மைதான். அதெல்லாம் பல வருஷமாக இருந்த நோய். உயிர் போனது சரக்கு நின்றதால்.

2007-ல் கேம்ஸ்டேஷன் என்ற போட்டி நிறுவனத்தை 74 மில்லியன் பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். பல ஊர்களில் ஒரே தெருவில் ஒரே முதலாளிக்கு இரண்டு கடை. இரண்டுக்கும் தனித்தனி வாடகை, தனித்தனி ஆட்கள். அப்புறம் 2011-க்குள் எக்ஸ்பாக்ஸ் 360, பிஎஸ்3, வீ என்ற கன்சோல்கள் எல்லாம் பழசாகிவிட்டன, விற்பனை படுத்தது. அந்த வருஷ கிறிஸ்துமஸும் கை கொடுக்கவில்லை. பிப்ரவரியில் வங்கிகளோடு புது ஒப்பந்தம் போட்டார்கள், ஆனால் சரக்கு கொடுப்பவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை.

இந்த இடத்தை நன்றாகக் கவனி. பெரிய சப்ளையர்கள் கடனுக்குக் கொடுக்கும் சரக்குக்கு, கடைக்காரர் பணம் கட்டாவிட்டால் ஈடு கிடைக்கும்படி காப்பீடு எடுத்திருப்பார்கள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு வரம்பு இருக்கும். காப்பீட்டுக்காரர் வரம்பைக் குறைத்து ஒரு பக்கக் கடிதம் அனுப்பினால் போதும், அன்று சாயங்காலமே எங்கள் குடோனில் கட்டி வைத்த பெட்டியிலிருந்து அந்தக் கடையின் லேபிளைக் கிழித்து வேறு லேபிள் ஒட்டியிருக்கிறோம். கடைக்காரர் வாசலில் வந்து நின்றாலும், காப்பீடு இல்லாமல் முதலாளி ஒரு பெட்டிகூட இறக்க மாட்டார்.

கேம் குழுமத்துக்கும் நடந்தது அதுதான். 2012 மார்ச் மாதம் மாஸ் எஃபெக்ட் 3 என்ற பெரிய கேம் வெளியானது. முன்பதிவு செய்து ஆசையாகக் காத்திருந்தவர்களிடம், எங்களிடம் வராது என்று சொல்ல வேண்டிய நிலை. அதை வெளியிட்ட இஏ நிறுவனம் சரக்கு கொடுக்கவில்லை, வேறு சில நிறுவனங்களும் கையை விரித்துவிட்டன. புது கேம் இல்லாத கடைக்கு யார் வருவார்கள்? ஆள் வராவிட்டால் பணம் ஏது? பணம் இல்லாவிட்டால் சரக்கும் இல்லை. சில வாரங்களில் கதை முடிந்தது.

அதோடு வாடகை. அங்கே கடை வாடகையை மூன்று மாதத்துக்கு மொத்தமாக முன்கூட்டியே கட்டுவது வழக்கம். மார்ச் 25 அதற்கான கெடு நாள். மறுநாள், 26-ம் தேதி, நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அன்றைக்கே 277 கடைகள் மூடப்பட்டன, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. பரிசு அட்டையும் ரிவார்டு பாயின்ட்டும் செல்லாது என்று நிறுத்தினார்கள். அயர்லாந்தில் ஊழியர்கள் தங்களுக்குச் சேர வேண்டிய தொகையைக் கேட்டுக் கடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். என் மனசு அந்தப் பிள்ளைகள் பக்கம்தான்.

உன் அப்பாவிடம் இதையும் சொல்: அது அப்போது அடியோடு அழியவில்லை. மீதிக் கடைகளை ஓப்கேபிட்டா என்ற முதலீட்டு நிறுவனம் வங்கிக் கடன் பொறுப்போடு 1 பவுண்டுக்கு வாங்கியது. 2014-ல் மறுபடி பங்குச் சந்தைக்கே வந்தது. 2019-ல் ஸ்போர்ட்ஸ் டைரக்ட் என்ற விளையாட்டுப் பொருள் கடை நிறுவனம் வாங்கிவிட்டது.

வேளச்சேரி கன்சோல்:
ரொம்ப நன்றி ஐயா. சரக்கு நிற்பதுதான் முதல் ஆபத்து என்று நான் நினைத்ததே இல்லை. அப்படியானால் என் விநியோகஸ்தர் பணம் கேட்பது என் கடைமேல் சந்தேகமா?

ரிச்சி தெரு வாசி:
சந்தேகமாக இருக்க வேண்டியதில்லை. இங்கே சின்னக் கடைகளுக்குக் கடன் கொடுக்கவே பல பேர் யோசிக்கிறார்கள். நீங்கள் பழைய டிஸ்கை விடாதீர்கள். புது கேமில் மார்ஜின் மெலிசு, கன்சோலில் அதைவிட மெலிசு. பழைய டிஸ்கை நாமே கையில் காசு கொடுத்து வாங்குகிறோம், எந்தக் கம்பெனியும் அதை நிறுத்த முடியாது. பில் போடும்போது ஆடிட்டரிடம் மார்ஜின் முறை பற்றிக் கேளுங்கள். வாங்கும்போது கட்டிய வரிக்கு வரவு (இன்புட் கிரெடிட்) எடுக்காத பழைய பொருளுக்கு, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் ஜிஎஸ்டி கட்டினால் போதும்.

ஒரு கவலை உண்டு. டிஸ்க் போட இடமே இல்லாத பிஎஸ்5 வாங்குகிறவர் உங்கள் கடைக்குக் கன்ட்ரோலர் வாங்கத்தான் வருவார்.

பாரிமுனை கணக்கர்:
ரிச்சி தெருக்காரர் சொல்வது சரி. தம்பி, அந்த விநியோகஸ்தரை நேரில் போய்ப் பார். எல்லாக் கடைக்கும் இதே கண்டிஷனா, உனக்கு மட்டுமா என்று நேராகக் கேள். உனக்கு மட்டும் என்றால் பழைய பாக்கி ஏதாவது நிற்கிறதா என்று லெட்ஜரை வாங்கிப் பார். எல்லாருக்கும் என்றால், இரண்டு கடைக்கும் ரொக்கத்தில் சரக்கு எடுக்க எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்குப் போடு. அந்தப் பணமே அட்வான்ஸில் போய்விடும் என்றால் மேடவாக்கம் இப்போது வேண்டாம்.

முன்பதிவுக்கு வாங்கும் பணத்தைத் தனிக் கணக்கில் போடு. அதை எடுத்து வாடகை கட்டாதே. அது அந்தப் பையன்களின் பணம், கேம் வராவிட்டால் அன்றைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டியது. லாக்-இன், அதாவது இடையில் காலி செய்ய முடியாத காலம், எத்தனை மாதம் என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு இங்கே எழுது, மேற்கொண்டு பேசலாம்.