பாமணியாற்றுப் பாசன வடிகாலில் இரண்டு விதமான இலைகளுடன் ஒரு பெரணி: இனங்காண உதவுங்கள்

வடிகால்கரை:

வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே பாமணியாற்றுப் பாசனத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஆறு மா நிலம் இருக்கிறது. தாளடி அறுவடைக்காகச் சென்ற வாரம் வயலில் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தபோது, வடிகால் திரும்பும் மூலையில், மூங்கில் கொத்தின் நிழல் விழுகிற சேற்றில், இதுவரை நான் கவனித்திராத ஒரு செடியைக் கண்டேன். முழுச் செடியும் ஒரு சாண் உயரத்துக்குச் சற்று அதிகம். தண்டென்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. சேற்றிலிருந்து ஒரே கொத்தாக இலைக்காம்புகள் கிளம்புகின்றன. காம்பை அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கி நீர் கசிகிறது.

என்னைக் குழப்புவது இலைகள்தாம். அடியில் உள்ளவை அகன்று, கொத்தமல்லித் தழையைப் பெரிதாக்கியதுபோல் வெட்டுப்பட்டுச் சேற்றின்மேல் படிந்திருக்கின்றன. நடுவில் நிமிர்ந்து நிற்பவையோ மான்கொம்புபோல் கிளைகிளையாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு கிளையும் ஈர்க்குச்சியளவே இருக்கிறது. கீழிலைகளின் பிளவுகளில் விரல்நக அளவில் குட்டிச் செடிகளும் முளைத்திருக்கின்றன.

அம்மாவிடம் காட்டினேன். சிறுவயதில் களையெடுக்கப் போனபோது இதையும் சேர்த்துப் பிடுங்கி வரப்பில் எறிந்ததாகவும், இதற்கென்று ஒரு பெயர் சொல்லிக் கேட்டதில்லை என்றும், பார்த்தே பல காலம் ஆயிற்று என்றும் சொன்னார். படத்தைப் பார்த்த நண்பர் ஒருவர், இது அரிய பெரணி, உடனே தொட்டிக்கு மாற்றிவிடு என்கிறார். கோடையில் அந்த வடிகாலைத் தூர்வாரப் போகிறார்கள். இது என்ன செடி, உண்மையிலேயே அரியதா, எப்படிக் காப்பது என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அல்லிக்குளம்:

இலை இரண்டு விதமாக இருப்பதை மட்டும் வைத்துப் பெரணி என்று முடிவு செய்துவிட வேண்டாம். நம் வயல்களில் வளரும் லிம்னோஃபிலா வகைச் செடிகள் சிலவற்றிலும் இப்படி உண்டு. அவை பூக்கும் தாவரங்கள். ஆனால் அவற்றில் நீருக்குள் இருக்கும் கீழிலைகள் நூல்நூலாகவும், மேலிலைகள் முழுமையாகவும் இருக்கும். நீங்கள் எழுதியிருப்பது அதற்கு நேர்மாறாக இருப்பதால் பெரணியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டைப் பார்த்துச் சொல்லுங்கள்: நடுவில் புதிதாக வரும் இலை நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கிறதா? மெல்லிய இலையின் ஓரத்தை ஊசியால் மெதுவாகப் பிரித்தால் உள்ளே என்ன தெரிகிறது?

வடிகால்கரை:

இன்று காலை பார்த்தேன். இளம் இலை சுருண்டுதான் இருக்கிறது. மெல்லிய இலையின் இரண்டு ஓரங்களும் அடிப்பக்கமாக மடிந்து நடுநரம்பு வரை வந்து மூடியிருக்கின்றன. பிரித்தால் வெளிர்பழுப்பு நிறத்தில் மணல்போன்ற உருண்டைகள் வரிசையாகத் தெரிகின்றன. பூவோ காயோ எங்கும் இல்லை.

பெரணிப்பித்தன்:

அப்படியானால் ஐயமில்லை. இது செரட்டாப்டெரிஸ் தாலிக்ட்ராய்டிஸ் என்னும் நீர்ப்பெரணி. கிரேக்க மொழியில் கெராஸ் என்றால் கொம்பு, டெரிஸ் என்றால் பெரணி. நீங்கள் மான்கொம்பு என்று எழுதியதைத்தான் பேரினப் பெயரும் சொல்கிறது. 1753-இல் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டபோது இலங்கையில் சேகரித்த மாதிரியை அடிப்படையாகக் கொண்டார் என்பதால், இது நம் பக்கத்து மண்ணுக்குரிய செடி என்பதிலும் ஐயம் வேண்டாம்.

அகன்ற கீழிலைகள் உணவு தயாரிப்பதற்கானவை. மெல்லிய மேலிலைகள் ஸ்போர்களை, அதாவது பெரணி விதைக்குப் பதிலாக உதிர்க்கும் நுண்துகள்களை, தாங்குபவை. நீங்கள் கண்ட உருண்டைகள் ஸ்போர்கள் அல்ல, அவற்றை உள்ளடக்கிய வித்தகங்கள். பல பெரணிகளில் இவை இலையின் அடியில் புள்ளிப்புள்ளியாகக் குவிந்திருக்கும். இங்கே நரம்போரமாகத் தனித்தனியே அமைந்து, மடிந்த இலையோரத்தால் மூடப்பட்டிருக்கும். பிளவுகளில் முளைத்த குட்டிகள் தாயிலை அழுகியதும் பிரிந்து தனியே வேரூன்றும்.

அரியதா என்ற கேள்விக்கு விடை சற்று நீளமானது. உலகின் வெப்பநாடுகள் பலவற்றில் பரவியிருக்கும் இனம் இது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்து குறைந்த இனமாகவே இருக்கிறது. எனவே உங்கள் நண்பர் சொன்னது அப்படியே சரியாகாது. ஆயினும் ஒரே பெயரில் வழங்கிவந்த இந்தப் பெரணிக்குள் தனித்தனி இனங்கள் மறைந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வெளித்தோற்றத்தில் அவற்றைப் பிரிப்பது கடினம். ஆகவே, எங்கும் கிடைப்பதுதானே என்று ஒரு வட்டாரத்துச் செடியை விட்டுவிடுவதும் தவறு என்பது என் கருத்து. உலர்த்திய மாதிரி ஒன்றைத் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் உள்ள ராப்பினாட் ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரச் சேகரிப்பகத்திடம் கொடுக்க முடிந்தால் நல்லது. இருவகை இலைகளும் சேர்ந்த ஒரு முழுச்செடி போதும். இடம், தேதி, நீரின் ஆழம், உடன் வளர்ந்த செடிகள் ஆகியவற்றை மறக்காமல் எழுதிவையுங்கள். இலையில் நீர் அதிகம் என்பதால், செடியை இடையில் வைத்து உலர்த்தும் செய்தித்தாளை முதல் சில நாட்கள் தினமும் மாற்ற வேண்டும்.

கோரையாறு:

நான் நீடாமங்கலம் பக்கம் ஐம்பது ஆண்டுகளாக விவசாயம் செய்கிறவன். பெரணிப்பித்தன் ஐயா பெயரைச் சொல்லிவிட்டார். இது வாழும் இடத்தைப் பற்றி நான் கண்டதைச் சொல்கிறேன். நம்மவர்களுக்கு ஆராக்கீரை தெரியும், அசோலா தெரியும். இரண்டும் பெரணி இனம்தான் என்று சொன்னால் வியப்பார்கள். இந்தச் செடி மட்டும் பெயரில்லாமலே நம்மோடு இருந்தது. மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்து அது வாய்க்காலுக்கு வந்து சேரும்போது எங்கும் இதைக் காண முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகால்கள் நிரம்பித் தளும்பி, மார்கழியில் நீர் மெல்ல இறங்கும்போது, ஓட்டமில்லாத, கணுக்கால் ஆழத்துக்கும் குறைந்த சேற்றில்தான் தலைகாட்டும். மாசி வெயிலில் மண் வெடிக்கும்போது செடி மடிந்துவிடும்.

களைக்கொல்லி தெளிக்கும் வயலுக்குள் இதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்ததில்லை. நடவு முடிந்த சில நாட்களில் தெளித்துவிடுவதால் முளைப்பதற்கே வழியில்லை. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட்ட இடங்களில் சேறே கிடையாது. மிச்சமிருக்கும் வடிகால்களை ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டன. உங்கள் மூலையில் அது பிழைத்திருப்பது மூங்கில் நிழலாலும், அங்கே மருந்துக் கைத்தெளிப்பான் எட்டாததாலும்தான் என்று நினைக்கிறேன்.

தொட்டிக்கு மாற்றுவதால் பயனில்லை, தம்பி. ஓராண்டுச் செடி எப்படியும் காய்ந்துவிடும். காக்க வேண்டியது அந்தச் சேற்றை. தூர்வாருவதை நிறுத்தச் சொல்லவும் வேண்டாம், வடிகால் வடியாவிட்டால் ஊருக்கே பயிர் அழுகிவிடும். இயந்திரம் வருமுன் அந்த மூலையின் மேல்மண்ணை மட்டும் நான்கைந்து கூடை எடுத்து நிழலில் வைத்திருங்கள்.

பெரணிப்பித்தன்:

பெரியவர் சொன்னதே சரியான வழி. இதன் நெருங்கிய உறவினமான செரட்டாப்டெரிஸ் ரிச்சார்டியை ஆய்வகங்களில் பல காலமாக வளர்த்துவருகிறார்கள். 2022-இல் அதன் மரபணுத்தொகுப்பும் வெளியானது. அதன் ஸ்போர்கள் உலர்ந்த நிலையில் பல ஆண்டுகள் முளைப்புத்திறனை இழப்பதில்லை, ஆனால் முளைப்பதற்கு ஒளி தேவை என்பது அந்த ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. முளைத்தபின், நீந்திச் செல்லும் விந்தணு முட்டையைச் சேர மண்ணின்மேல் நீர்ப்படலமும் இருக்க வேண்டும். உங்கள் செடிக்கும் இது பொருந்தும். ஆகவே எடுத்துவைத்த மண்ணைக் குழியில் கொட்டி மூடிவிடாதீர்கள். ஐப்பசி மழை தொடங்கியதும், மருந்து படாத வரப்போரப் பள்ளம் ஒன்றில், விரற்கடைக்கும் குறைவான கனத்தில் பரப்பிவிட்டு, மண் நனைந்தே இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் தெரிவது பெரணியாக இராது. பாசிபோல் ஒட்டிக்கிடக்கும் பச்சைத் துணுக்குகள். அவற்றைப் பாசியென்று சுரண்டிவிட வேண்டாம்.

வடிகால்கரை:

இருவருக்கும் நன்றி. மாதிரிக்கு ஒரே ஒரு செடியை எடுத்துச் செய்தித்தாளில் வைத்துவிட்டேன். மற்ற ஏழு செடிகளும் அதே இடத்தில் இருக்கின்றன. அவை காய்ந்து ஸ்போர் உதிர்ந்த பிறகே மேல்மண்ணை எடுக்கிறேன். பள்ளத்துக்கான இடத்தை அம்மா ஏற்கெனவே காட்டிவிட்டார், பழைய நாற்றங்காலின் கிழக்கு மூலை. ஐப்பசிக்குப் பிறகு என்ன முளைத்தது என்பதைப் படத்துடன் இங்கேயே எழுதுகிறேன்.