எம்.டெக். சேரும் முன் பைக்கை விற்பதா, வீட்டில் நிறுத்தி வைப்பதா? ஆலோசனை தேவை

உசிலம்பட்டி வாசி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வு மதிப்பெண் மூலம், மேற்கு வங்கத்தில் உள்ள கரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.டெக். படிக்க எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஜூலை மாதத்திற்குள் போய்ச் சேர வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்த்தபோது, 2019 ஜூனில், சொந்தச் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கிய பல்சர் 150 என்னிடம் இருக்கிறது. 41,000 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் எஞ்சினில் இதுவரை ஒரு குறையும் இல்லை. தவணையை 2021-லேயே முடித்துவிட்டேன்.

உள்ளூர் வியாபாரி 42,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். மாத உதவித்தொகை 12,400 ரூபாய்தான் என்பதாலும், சேர்க்கைக் கட்டணத்திற்காக அப்பா வட்டிக்கு வாங்க யோசிப்பதாலும், அந்தத் தொகை எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ரயிலில் பார்சல் போட்டு கரக்பூருக்குக் கொண்டுபோகலாமா, அல்லது இரண்டு ஆண்டுகள் வீட்டிலேயே நிறுத்தி வைக்கலாமா? அப்பா டி.வி.எஸ். எக்ஸ்.எல். மட்டுமே ஓட்டுவார். பிளஸ் டூ படிக்கும் தம்பி, தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறான்.

கரக்பூர் பழைய மாணவன்:
வாழ்த்துகள் தம்பி. கொண்டுபோகும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். அந்த வளாகத்தில் மாணவர்கள் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. ஏறத்தாழ 2,100 ஏக்கர் பரப்புள்ள இடம் என்றாலும், விடுதியிலிருந்து வகுப்புக்கும் ஆய்வகத்துக்கும் எல்லோரும் சைக்கிளில்தான் போய்வருவார்கள். படிப்பு முடித்துப் போகும் மூத்த மாணவர்களிடம் பழைய சைக்கிள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வளாகத்துக்கு வெளியே எங்காவது நிறுத்தி வைக்கலாம் என்று எண்ணினாலும், வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு இங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அங்கே புதிதாகச் சாலை வரி என்று அலைச்சல்தான் மிஞ்சும். இரண்டு ஆண்டுப் படிப்புக்கு அது தேவையே இல்லை.

தேனி பட்டறைக்காரர்:
நிறுத்தி வைப்பதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இப்படி நிறுத்திய வண்டிகள் ஆண்டுதோறும் என் பட்டறைக்கு வருகின்றன. உங்களுடையது 2019-ஆம் ஆண்டு வண்டி, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ளது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நின்றால் டேங்கின் உள்ளே துருப்பிடிக்கும், கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் பிசுபிசுப்பாகப் படிந்து, பெட்ரோல் போகும் ஜெட் என்ற நுண்துளைகளை அடைத்துவிடும். பேட்டரி சில மாதங்களிலேயே இறங்கி, பிறகு சார்ஜ் ஏறாமல் போய்விடும். டயர்கள் ஒரே இடத்தில் அழுந்தி நிற்கும், செயின் துருவேறும், வயல் பக்கத்து வீடுகளில் எலி வயரைக் கடிப்பதும் உண்டு.

நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி முழுவதும் வடித்துவிடுங்கள். புது எஞ்சின் ஆயில் மாற்றி, பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இவ்வளவு செய்தாலும், திரும்பி வரும்போது பேட்டரியும் அநேகமாக டயர்களும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். அதற்குள் வண்டியின் விலையும் இறங்கியிருக்கும். ஓடுகிற வண்டிதான் நன்றாக இருக்கும், ஐயா; ஓட்ட ஆள் இல்லையென்றால் கொடுத்துவிடுவதே அந்த வண்டிக்கு நல்லது.

உசிலம்பட்டி வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. கொண்டுபோகும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். திண்டுக்கல்லில் இருக்கும் என் சித்தப்பா மகன் 45,000 ரூபாய் தந்து வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) என் பெயரிலேயே இருக்கட்டும், நான் படித்து முடித்து வந்தால் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். சொந்த அண்ணன் போன்றவர்தான் என்பதால், எனக்கும் அது சரியாகப் படுகிறது.

காப்பீட்டு முகவர், மதுரை:
தம்பி, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அவர் நல்லவரா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. நாளை அவரிடமிருந்து வண்டியை வாங்கிப் போகும் நண்பர் யார் என்பது உங்களுக்குத் தெரியாது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், பல கைகள் மாறிய ஒரு வண்டி விபத்துக்குள்ளானபோது, பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் கரக்பூரில் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது மதுரை நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால் என்ன செய்வீர்கள்?

இதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் தம்பி பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி. அவருக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டதா? நிறையாதவர் ஓட்டிப் பிடிபட்டால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். சாவி வீட்டில் தொங்கும்போது பிள்ளைகள் எடுக்காமல் இருப்பது கடினம் என்பதை இரண்டு மகன்களின் தகப்பனாகவும் சொல்கிறேன்.

ஆகவே சித்தப்பா மகனுக்கே கொடுங்கள், ஆனால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, பெயர் மாறிய பிறகு புறப்படுங்கள். மாநிலத்துக்குள் விற்றால் பதினான்கு நாட்களுக்குள் விற்பவர் தகவல் தர வேண்டும். உங்கள் காப்பீட்டில் இதுவரை இழப்பீடு கோராததற்கான சலுகை சேர்ந்திருந்தால், அது வண்டிக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது. நிறுவனத்திடம் கடிதமாக எழுதி வாங்கிக்கொண்டால் மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் அடுத்த வண்டிக்குப் பயன்படும். இன்னொன்று: தவணை முடிந்தது சரி, ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டதா?

உசிலம்பட்டி வாசி:
தம்பிக்கு வரும் டிசம்பரில்தான் பதினெட்டு நிறைகிறது. தாங்கள் எழுதியதை அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். அன்று மாலையே சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

தாங்கள் ஐயப்பட்டபடியே, நிதி நிறுவனத்தின் பெயர் ஆர்.சி.யில் இன்னும் நீக்கப்படவில்லை. கடன் தீர்ந்ததாக அவர்கள் 2021-ல் தந்த சான்றை நான் அப்போதே பயன்படுத்தாமல் விட்டுவிட்டேன். அதில் மூன்று மாதம்தான் செல்லும் என்று அச்சிட்டிருக்கிறது. புதிய சான்றுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது வந்ததும், நிதி நிறுவனத்தின் பெயரை நீக்குவதற்கான படிவம் 35-உம் பெயர் மாற்றப் படிவங்களும் சேர்த்துக் கொடுப்பதாக இருக்கிறோம். சித்தப்பா மகனிடம் விவரத்தைச் சொன்னபோது அவரும் மறுக்காமல் ஒப்புக்கொண்டு, முன்பணமாக 20,000 ரூபாய் அனுப்பிவிட்டார். அப்பா வட்டிக்கடைக்குப் போகவில்லை.

கரக்பூர் பழைய மாணவன்:
மிகவும் மகிழ்ச்சி தம்பி. சைக்கிளுக்கு நல்ல பூட்டு ஒன்றை ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள். கோரமண்டல் விரைவு ரயில் கரக்பூரில் நிற்கும். பயணச்சீட்டை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.