திங்கட்கிழமைக்குள் நாலு கல்லூரி

குழு: கும்பகோணம் டு எடிசன்
ஞாயிறு

அம்மா, 8:02
கவி, அஸ்வின் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதின எஸ்ஏடி தேர்வு மார்க்கை நாலு கல்லூரிக்கு இலவசமாக அனுப்பலாமாம். நாளையோடு கெடு முடிகிறது. எம்ஐடி, யேல், பெர்க்லி, ஜார்ஜ்டவுன் போட்டு வைத்திருக்கிறேன். சரிதானே?

கவி அக்கா, 8:05
அவசரப்படாதீங்க சித்தி. ஸ்கோர் எப்போது வருகிறது?

அஸ்வின், 8:05
தேர்வு முடிந்து இரண்டு வாரம் ஆகும் அக்கா. இன்றோடு எட்டு நாள்.

கவி அக்கா, 8:07
அதுதான் விஷயம். இலவசம் ஒன்பதாம் நாள் வரைக்கும்தான். ஸ்கோர் வருவதோ அதற்கப்புறம். எவ்வளவு என்றே தெரியாமல் அனுப்ப வேண்டும்.

அம்மா, 8:08
பிறகு அனுப்பினால் ஒன்றுக்கு 15 டாலர் பக்கம் கேட்கிறார்கள். நன்றாகத்தானே எழுதியிருக்கிறான்?

அஸ்வின், 8:09
நான் எப்போது அப்படிச் சொன்னேன்? கணக்கில் கடைசி இரண்டும் குருட்டாம்போக்கில் போட்டது.

அம்மா, 8:09
என்னது?

தாத்தா, 8:11
எங்கள் காலத்தில் மார்க் ஷீட் நகலில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வாங்க நாயாக அலைவோம். மார்க் வருவதற்கு முன்பே அனுப்பும் வசதியெல்லாம் கிடையாது.

பெரியப்பா, 8:11
😂😂

கவி அக்கா, 8:15
சித்தி, முதலில் பெர்க்லியை எடுங்க. அது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகம். அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த வளாகமும் சேர்க்கைக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதில்லை. 1600க்கு 1600 வாங்கினாலும் சரி. எம்ஐடி 2022இல் மறுபடி கட்டாயமாக்கிவிட்டது, ஆனால் விண்ணப்பத்தில் நாமே ஸ்கோரை நிரப்பினால் போதும். இடம் கிடைத்த பிறகுதான் அதிகாரபூர்வமாக அனுப்ப வேண்டும். யேலிலும் நாமே நிரப்பலாம். அங்கே எஸ்ஏடிக்குப் பதிலாக ஏபி ஸ்கோரைக்கூட, அதாவது பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வுகளின் மார்க்கைக்கூடக் கொடுக்கலாம்.

பெரியப்பா, 8:16
ஜார்ஜ்டவுன்?

கவி அக்கா, 8:19
அங்கே கதை வேறு. எழுதிய எல்லாத் தடவையின் ஸ்கோரும் வேண்டும் என்பார்கள், நல்லதை மட்டும் பொறுக்கி அனுப்ப முடியாது. எப்படியும் பார்க்கத்தான் போகிறார்கள். அதனால் விண்ணப்பிப்பது உறுதி என்றால் அதை மட்டும் இலவசத்தில் அனுப்பிவிடலாம். ஒவ்வொரு பிரிவிலும் உயர்ந்ததைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அஸ்வின், மார்ச்சில் எழுதின எஸ்ஏடியில் கணக்கு எவ்வளவு?

அஸ்வின், 8:19
760

கவி அக்கா, 8:20
அப்புறம் என்ன? அந்த இரண்டு கேள்வி போனால் போகட்டும்.

அம்மா, 8:22
மற்ற கல்லூரிகளுக்கு நவம்பர் 1 விண்ணப்பக் கெடுவுக்கு முந்தின நாள் அனுப்பினால் போதுமா?

கவி அக்கா, 8:23
ஐயோ வேண்டாம். போய்ச் சேரப் பத்து நாள்கூட ஆகலாம். ஸ்கோர் வந்த அன்றைக்கே உட்கார்ந்து, யாருக்கு அனுப்புவது, யாருக்கு நாமே நிரப்புவது என்று ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் பார்த்து முடிவு செய்யுங்க.

அம்மா, 8:31
சரி, மூன்றை எடுத்துவிட்டேன். ஜார்ஜ்டவுன் மட்டும் இருக்கிறது. அஸ்வின், ஃபோனை வைத்துவிட்டுக் கீழே வா. அந்தக் குருட்டாம்போக்கைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

தாத்தா, 8:32
பிள்ளையைத் திட்டாதே.